கணினியின் சிலேட்டும் பேரேடும்

அண்மையில் சங்கத்து இளைஞர் இருவர் மடிக்கணினி வாங்கப் புறப்பட்டு, கடைக்காரர் கொடுத்த விலைத்தாளுடன் நம்மிடம் வந்தனர். அதில் 8 ஜிபி என்று ஓரிடத்திலும், 512 ஜிபி என்று மற்றோரிடத்திலும் எழுதியிருந்தது. "இரண்டும் ஜிபிதானே! எது உண்மையான அளவு?" என்று வினவினார்கள். இரண்டும் உண்மையே. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு உறுப்புகளை ஒரே அளவைப் பெயரால் சொல்வதனால் வந்த குழப்பம் இது. பெரியவர்கள் பலருக்கும் இந்த ஐயம் இருப்பதை அறிவோமாதலால் இங்கே சற்று விரித்துரைக்கிறோம்.

நம்மவர்கள் நடத்திய பழைய மளிகைக் கடைகளை அன்பர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். கணக்கப்பிள்ளையின் கையருகே ஒரு சிலேட்டு இருக்கும். கூட்டுவதும் கழிப்பதும் அதில்தான். முடிந்த கணக்கைப் பேரேட்டில் பதிந்துவிட்டுச் சிலேட்டைத் துடைத்து விடுவார். கணினியில் கணக்கப்பிள்ளையின் இடத்தில் இருப்பது செயலி. சிலேட்டு என்பது ராம் எனப்படும் நினைவகம். பேரேடு என்பது ஹார்ட் டிஸ்க் முதலிய சேமிப்புக் கருவி. நாம் திறக்கும் எந்தக் கடிதமும் பேரேட்டிலிருந்து சிலேட்டுக்கு வந்த பிறகே திரையில் தோன்றும். நாம் செய்யும் திருத்தமும் முதலில் சிலேட்டில்தான் விழுகிறது. அதனைப் பேரேட்டில் ஏற்றும் செயலுக்கே "சேமித்தல்" என்று பெயர்.

சிலேட்டு ஏன் மறக்கிறது? ராமில் ஒவ்வொரு குறியும் மிக நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. ஓட்டைக் குடத்து நீர்போல அது கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, ஏறக்குறைய 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை யந்திரம் எல்லா அறைகளையும் படித்துப் படித்துத் திரும்ப நிரப்புகிறது. மின்சாரம் நின்றால் நிரப்புவாரில்லை, எழுதியது போயிற்று. ஒரு குறிக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்னும் இவ்வமைப்பை 1966-ல் கண்டவர் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு. மறதியுள்ள பொருளாயினும், வேகத்திலும் மலிவிலும் அன்று தொட்டு இன்று வரை இதுவே நிலைத்து நிற்கிறது.

சிலேட்டு சிறிதாக இருந்தால் கணினி தவறாக வேலை செய்யாது, மெதுவாகச் செய்யும். இடம் போதாதபோது சிலேட்டில் உள்ளதைப் பேரேட்டின் ஓரத்தில் எழுதி வைத்து, மறுபடி எடுத்து வரவேண்டி இருப்பதே காரணம். கடிதமும் கணக்கும் எழுதுவோர்க்கு 8 ஜிபி போதும். படம், ஒளிக்காட்சி முதலியவற்றைத் திருத்துவோர் 16 வாங்குதல் நலம். ஹார்ட் டிஸ்கில் இடம் நிறைய இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வது இதற்கு விடையாகாது.

இனிப் பேரேட்டைப் பார்ப்போம். 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 24 அங்குல அகலமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றோ இரண்டோ அதனை நிரப்பிவிடும்! இன்றைய ஹார்ட் டிஸ்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன் மேல் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. நம் தலைமயிரின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால், ஓடும் யந்திரத்தைக் கீழே போடக்கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இக்கருவிகள் எங்கோ தூரதேசத்துச் சரக்கு என்று எண்ண வேண்டாம். 1972-ல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தது. 1982-ல் சீகேட் சிங்கப்பூரில் ஹார்ட் டிஸ்க் தொழிலைத் தொடங்கிற்று. 1980-களின் பிற்பகுதியில் உலகத்து ஹார்ட் டிஸ்குகளில் ஏறத்தாழப் பாதி சிங்கப்பூரில் செய்யப்பட்டவையே. விரலளவுள்ள தம்ப் டிரைவை 2000-ல் அப்பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டு வந்ததும் டிரெக் 2000 என்ற சிங்கப்பூர் நிறுவனந்தான்.

தம்ப் டிரைவிலும் எஸ்எஸ்டி என்னும் புதுவகைச் சேமிப்பிலும் சுழலும் தட்டு இல்லை. தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் முறையே இரண்டிலும் உள்ளது. மின்னூட்டத்தை மின்கடத்தாத சுவருக்குள் அடைத்து வைப்பதனால் மின்சாரம் நின்றாலும் எழுதியது நிற்கும். ஆனால், ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அச்சுவர் சிறிது தேய்கிறது. பல ஆண்டுகள் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் ஊட்டம் கசிந்து போகக்கூடும்.

இடையே ஒன்று. 512 ஜிபி என்று வாங்கியது விண்டோஸ் கணினியில் 476 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. செய்பவர் 1,000 ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. பொருள் குறையவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு சங்கத்தில் மரண சகாய நிதியின் சந்தாக் கணக்கு முழுவதும் ஒரே தம்ப் டிரைவில் இருந்தது. எழுதி முடியுமுன் அதனைப் பிடுங்கி எடுத்தவர் வேறு யாருமல்லர், நாமே. மறுநாள் செருகியபோது கணினி அதனை அடையாளங் காணவில்லை. அதே வாரத்தில் அங்கத்தினர் ஒருவர் காலமானார். அவர் எத்தனை மாதச் சந்தா செலுத்தியிருந்தார் என்பதைக் காட்ட நம்மிடம் எதுவும் இல்லை. சந்தா வசூலித்த பெரியவர் ஒரு பிஸ்கட் தகரத்தில் ரசீதுகளின் அடிக்கட்டைகளைப் போட்டு வைத்திருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணக்குச் சேர்க்க 11 நாட்கள் ஆயின. அத்தனை நாளும் அந்த அம்மையார் ஒருமுறை கூட நம்மைக் கேட்கவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அதன் பிறகு அங்கே வழக்கம் மாறிற்று. கணக்கு ஒரு கணினியில் இருக்கும். மாத முடிவில் ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்கில் ஏறும். மற்றொரு பிரதி பொருளாளர் வீட்டுக்குப் போகும். ஒரே மேசை இழுப்பறையில் மூன்றையும் வைத்தால் தீக்கும் திருட்டுக்கும் மூன்றும் ஒன்றேயாம். ஆண்டுக்கு இருமுறை பிரதிகளைத் திறந்து, கடைசி மாதப் பெயர்களைப் படித்துப் பார்க்கிறார்கள். தம்ப் டிரைவைக் கழற்றுமுன் திரையில் அனுமதி கேட்டு, விளக்கு அணைந்த பின்னரே எடுக்கிறார்கள். பிஸ்கட் தகரமும் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.