சோற்றுத் தட்டும் டேப்லெட்டும்

கேள்வி: மூன்று வயது மகன் டேப்லெட்டில் கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். பிடுங்கினால் வீடே இரண்டாகிறது. எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்குப்படி, 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரம்தான் உச்சவரம்பு, குறைந்தால் இன்னும் நல்லது. 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. பாட்டிகள் பிழைத்தார்கள்!

ஆனால் இந்த வீட்டில் நேரத்தைவிடச் சாப்பாடுதான் சிக்கல். திரையில் லயித்த பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் டேப்லெட் இல்லாமல் ஊட்டிப் பார்க்கலாம். சில நாள் இரண்டு கவளம் குறையும், பசித்தால் கேட்பான்.

பிடுங்கும்போது வரும் அழுகைக்குப் பாதிக் காரணம் யூடியூபின் ஆட்டோபிளே. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். பிள்ளைக்கு முடிவே தெரியாது. அதை அணைத்துவிட்டு, இரண்டு கதைகளை மட்டும் டவுன்லோடு செய்து கொடுத்தால், நிறுத்துவது அம்மா அல்ல, கதை.

ஐபேடை உலகுக்கு விற்ற ஸ்டீவ் ஜாப்ஸ்கூடத் தம் பிள்ளைகளுக்கு வீட்டில் அளவு வைத்திருப்பதாக ஒரு நிருபரிடம் சொன்னவர்தான். ஒன்று மட்டும்: அப்பாவின் செல்போனும் சாப்பாட்டு நேரத்தில் அலமாரிக்குப் போகவேண்டும்.