ஈளை நோய் மருந்தும் பிறவிக் கூறும்

பால்மரத்தின் பட்டையில் எத்ரல் மருந்து பூசிப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். எல்லா மரமும் அம்மருந்துக்கு ஒரே விதமாக இணங்குவதில்லை. பி.பி. 217 என்னும் ஒட்டு இனம் மருந்து பட்டதும் தாராளமாகப் பால் தரும். பி.பி. 260 இனமோ அவ்வளவாக அசைந்து கொடுக்காது. அளவுக்கு மீறிப் பூசினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடவும் கூடும். மண்ணும் மழையும் வெட்டுபவரின் கையும் ஒன்றாகவே இருந்தாலும், இனத்தின் பிறவிக் குணம் வேறாக இருப்பதே இதற்குக் காரணம்.

மனித உடலிலும் இதனை ஒத்த ஒன்று நிகழ்கிறது. ஆஸ்துமா எனப்படும் ஈளை நோயை எடுத்துக்கொள்வோம். ஒரே வீட்டில் அண்ணனுக்கு உடனே கேட்கும் மருந்து தம்பிக்கு அரைகுறையாகவே கேட்பதுண்டு. மருந்து சரியில்லை என்று தம்பி அதனை ஒதுக்கிவிடுவதும், அண்ணனுடைய பம்ப்பை வாங்கி அடித்துக்கொள்வதும் லயங்களில் நாம் காணாதவை அல்ல. இது ஆபத்தில் முடியக்கூடிய பழக்கம். ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஈளை நோயில் இரு கோளாறுகள் சேர்ந்து நிகழ்கின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி சேர்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. நீல நிறப் பம்ப்பில் உள்ள சல்புட்டமால் தசையை மட்டுமே தளர்த்தும். 1969ஆம் ஆண்டில் புழக்கத்துக்கு வந்த இம்மருந்து சில நிமிடங்களில் வேலை செய்வதால் மக்கள் இதனையே பெரிதாக நம்புகின்றனர். வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த தடுப்பு மருந்து. அதன் பலன் மெல்ல மெல்லத்தான் தெரியும். நாள்தோறும் இழுத்தாக வேண்டும். உடனே சுகம் தராத காரணத்தாலேயே பலர் இதனைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர்.

சல்புட்டமால் வேலை செய்ய வேண்டுமானால் தசையின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்னும் புரதத்தில் அது சென்று ஒட்ட வேண்டும். இந்த ஏற்பி, 413 மணிகள் கோத்த மாலையைப் போன்றது. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பதை ஐந்தாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு முடிவு செய்கிறது. இம்மாலையின் 16ஆம் மணி சிலருக்கு ஆர்ஜினைன், சிலருக்கு கிளைசின். தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் வருவதால், இரண்டும் கலந்து பெற்றவர்களும் உண்டு. அண்ணனும் தம்பியும் வேறுபடுவது இவ்வாறே.

ஒரு மணி மாறியதால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்க ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை தேடியது. இலேசான ஈளை நோய் உடைய 78 பேரை மரபணு வகைப்படி பிரித்து, சல்புட்டமாலை 16 வாரங்கள் நாள்தோறும் இழுக்கச் செய்தனர். மற்றொரு 16 வாரங்கள் மருந்தில்லாப் போலிப் பம்ப்பைக் கொடுத்தனர். இரு பிரதியும் கிளைசினாக உள்ளவர்களுக்குக் காலை நேர மூச்சின் வேகம் மருந்தினால் கூடியது. இரு பிரதியும் ஆர்ஜினைனாக உள்ளவர்களுக்கோ, போலிப் பம்ப்பை இழுத்த காலத்தைவிட மருந்தை இழுத்த காலத்தில் மூச்சு வேகம் குறைந்தே இருந்தது!

இதைப் படித்துவிட்டு எவரும் நீலப் பம்ப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டா. மூச்சு முட்டும் வேளையில் அது உயிர் காக்கும் மருந்து. ஆய்வு காட்டியது, அதனை நாள்தோறும் வழக்கமாக இழுத்துவருவதில் உள்ள குறையைத்தான். மேலும், 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஸ்டீராய்டு மருந்துடன் சால்மெட்டரால் என்னும் நீண்ட நேரத் தளர்த்தியைச் சேர்த்துக் கொடுத்தபோது, இரு வகையினரின் மூச்சு வேகமும் ஏறத்தாழ சமமாகவே உயர்ந்தது. தடுப்பு மருந்து அடித்தளமாக இருக்கும்போது பிறவி வேறுபாடு பெரிதாகத் தலைகாட்டவில்லை. நம் கருத்தில், தோட்டப்புற மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுவே. ஜினா எனப்படும் அனைத்துலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பும், பெரியவர்களும் பருவ வயதினரும் சல்புட்டமாலை மட்டுமே நம்பி இருக்கலாகாது என்று 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

ஸ்டீராய்டு மருந்திலும் வேறுபாடு இல்லாமல் இல்லை. ஏழாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் மாறிய வடிவத்தை இரு பிரதியாகப் பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைப் போல் மூன்றில் ஒரு பங்கு அளவே மூச்சில் முன்னேற்றம் கிட்டியதாக 2011இல் கண்டறிந்தனர். அத்தகையோருக்கும் பலன் உண்டு, குறைவாக உண்டு. எனவே பலன் போதவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் கூட்டவோ வேறு மருந்தைச் சேர்க்கவோ அவருக்கு வழி உண்டு. நாமாக நிறுத்தினால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இன்ன இனத்தாருக்கு இன்ன மருந்துதான் கேட்கும் என்று சிலர் பேசுவதில் பொருளில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் அனைவரிடத்திலும் இவ்விரு வகை ஏற்பிகளும் உள்ளன. ஈளை நோய்க்கு மருந்தைத் தேர்வு செய்ய மரபணுச் சோதனை செய்யும் வழக்கமும் இன்னும் வரவில்லை.

ஆனால் பிறவிக் கூற்றின் மீது பழி போடுமுன் கைப்பழக்கத்தைக் கவனிப்பது நலம். பம்ப்பைக் குலுக்காமலும், மூச்சை முழுதும் வெளிவிடாமலும், அவசரமாக வாயில் அடித்துக்கொண்டால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். பம்ப்பை அழுத்தும்போதே மெதுவாக உள்ளிழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தானால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். வீட்டுக்குள் சிகரெட்டுப் புகையும், முற்றத்தில் குப்பை எரிக்கும் புகையும் இருக்கையில் எந்த மருந்தும் முழுப் பலன் தராது.

உங்கள் உடலுக்கு மருந்து எவ்வளவு கேட்கிறது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. நீலப் பம்ப்பை எடுக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டு நாள்காட்டியில் ஒரு கோடு போடுங்கள். இரவில் மூச்சு முட்டி விழித்தால் ஒரு வட்டம் போடுங்கள். வாரத்தில் இரண்டு கோட்டுக்கு மேல் விழுந்தாலோ வட்டம் தென்பட்டாலோ, நோய் அடங்கவில்லை என்று பொருள். அந்தத் தாளைக் கிழித்துக் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். நீலப் பம்ப்பை அடித்தும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு திணறினால், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.