பதியாத டிசைனுக்கும் உரிமை உண்டு

மருதமுனைத் தறிக்காரர்களிடம் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு இது: புது டிசைனில் ஒரு சாரி நெய்து பேஸ்புக்கில் படம் போட்டால், கொஞ்ச நாளில் அதே டிசைன் விசைத்தறித் துணியில் பாதி விலைக்கு வந்துவிடுகிறது. ஏன் தட்டிக் கேட்கவில்லை என்றால், "நாம எங்கயும் பதியல்லையே, பதியாததுக்கு என்னத்தக் கேக்கிற?" என்பதுதான் பதில். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று இந்தக் கரையோரம் முழுக்கச் சிறு வியாபாரிகளை ஆகக் கூடுதலாக நட்டப்படுத்துகிற நம்பிக்கை இதுதான்.

இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, ஒரு ஆக்கம் உருவாக்கப்பட்ட உடனேயே அதற்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது என்கிறது. தரம் பார்ப்பதில்லை, நோக்கம் கேட்பதில்லை. கலைப் படைப்புக்குத் தருகிற அதே பாதுகாப்பைக் கடை விளம்பரத்துக்குப் பிடித்த படத்துக்கும் தருகிறது. கொழும்பில் இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறி, கைத்தொழில் வடிவமைப்பு, ஆக்கவுரிமை எல்லாம் பதியலாம். பதிப்புரிமையைப் பதிய ஒரு முறையே அங்கு இல்லை. குழப்பம் பெரும்பாலும் இந்திய வீடியோக்களைப் பார்த்து வருவது. அங்கே விரும்பினால் பதிந்துகொள்ளலாம். அங்கும் அது கட்டாயமல்ல.

ஆகவே "பதிஞ்சீங்களா?" என்பதை விட்டுவிட்டு, "நான்தான் முதலில் செய்தேன் என்று காட்ட என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். டிசைன் போட்ட கட்டத்தாளை வேலை முடிந்ததும் கசக்கி எறிகிறோமே, அந்தத் தாள்தான் ஆதாரம். அதில் திகதி எழுதிக் கையொப்பமிட்டுப் பைலில் போடுங்கள். எந்த நிற நூல் எத்தனை இழை என்று பாவுக்கு எழுதின கணக்கு, திருத்தித் திருத்தி வரைந்த பழைய பிரதிகள், போனில் எடுத்த மூலப் படம், மொத்தக் கடைக்காரருக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, முதல் விற்பனையின் பில் இவையெல்லாம் சேர்ந்து பேசும். தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி உடைக்காமல் வைத்தால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் கிடையாது.

துணியில் எது நம்முடையது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சட்டத்தின் 8 ஆம் பிரிவு எண்ணத்தையும் செய்முறையையும் பாதுகாப்பதில்லை. தறியில் கரை ஏற்றும் நுட்பமோ, சாரனுக்குச் சதுரக் கட்டம் போடும் வழக்கமோ, கொத்து ரொட்டிக்கோ தொதலுக்கோ உங்கள் வீட்டில் வைத்திருக்கும் பக்குவமோ பதிப்புரிமைக்குள் வராது. பக்குவத்தைக் காப்பாற்ற வழி, அதை வெளியே சொல்லாமல் இருப்பது. ஆனால் அந்தக் கரைக்கு நீங்கள் சொந்தமாக வரைந்த பூக்கொடி உங்கள் ஆக்கம். பாவனைப் பொருளில் சேர்ந்த கலை வேலை கையால் செய்யப்பட்டாலும் தொழிற்சாலையில் செய்யப்பட்டாலும் பாதுகாப்புப் பெறும் என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஏனைய ஆக்கங்களுக்குப் பொதுவாக ஆக்கியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு; இந்த வகைக்கு மட்டும் செய்த நாளிலிருந்து 25 ஆண்டுகள். ஒரு சாரி டிசைன் சந்தையில் ஓடும் காலத்தோடு ஒப்பிட்டால் அது தாராளம். ஊருக்கே பொதுவாக வழிவழி வந்த பழைய டிசைனை மட்டும் ஒருவர் தனக்கென்று உரிமை கோர முடியாது.

இன்னும் உறுதியான பிடி வேண்டுமென்றால் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம். முதலில் 5 ஆண்டுகள், பிறகு இரண்டு முறை புதுப்பித்து மொத்தம் 15 ஆண்டுகள். ஆனால் டிசைன் புதியதாக இருக்க வேண்டும். நாடு முழுக்கக் காட்டிவிட்டு விண்ணப்பிக்கப் போனால் அந்தப் புதுமையே கேள்விக்குள்ளாகலாம். ஆகவே விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட்டு அதன்பின் பேஸ்புக்கில் போடுவது நல்லது.

அடுத்தது லோகோ. "காசு குடுத்துத்தானே செய்வித்தேன், அது எனக்குத்தானே" என்று கடைக்காரர் நினைக்கிறார். 14 ஆம் பிரிவின்படி உரிமை முதலில் ஆக்கியவருக்கு. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் தன் வேலையின் பகுதியாகச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொருளாதார உரிமை முதலாளிக்கு வரும். வெளியே அச்சகத்திலோ, கம்பியூட்டர் வைத்து வீட்டிலிருந்து டிசைன் செய்யும் பிள்ளையிடமோ செய்வித்தால் அப்படி வராது. உரிமையை மாற்ற எழுத்து வேண்டும், இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். அரைப் பக்கத் தாள் போதும்: இந்த லோகோவின் பொருளாதார உரிமைகள் அனைத்தையும் இன்ன தொகைக்கு இன்னாருக்கு முழுமையாகக் கையளிக்கிறேன் என்று எழுதி, படத்தையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். கலியாண வீட்டுப் படங்களுக்கும் இதே கதைதான். டிசைன் செய்யும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்: நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை அது உங்கள் சொத்து, விலை பேசும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

கடைப் பெயர் பதிப்புரிமைக்குள் வராது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்த சான்றிதழும் அந்தப் பெயரில் வேறொருவர் பொருள் விற்பதைத் தடுக்கும் வர்த்தகக் குறி உரிமையைத் தராது. அதற்கு வர்த்தகக் குறியாகவே பதிய வேண்டும். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

நம்முடையதை மற்றவர் எடுப்பதைப் பேசுகிறோம். நாம் எடுப்பதையும் பேசத்தான் வேண்டும். கூகுளில் கிடைத்த படத்தைப் பெட்டியில் அச்சடிப்பது, வேறு ஊர்க் கேக் கடையின் படத்தைத் தன் செய்கை போலப் போடுவது எல்லாம் நடக்கிறது. "கொஞ்சம் மாத்தினா பிரச்சினை இல்ல" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இத்தனை சதவீதம் மாற்றினால் தப்பலாம் என்ற கணக்கே அங்கு இல்லை. மாற்றி அமைக்கும் உரிமையும் உரியவருடையதே. நன்றி என்று பெயர் போட்டால் போதும் என்பதும் தவறு. பெயரைச் சொல்வது ஒரு கடமை, அனுமதி வாங்குவது இன்னொன்று. "இந்தியாக்காரன் இங்க வந்து கேப்பானா" என்பதும் அப்படித்தான். இலங்கை 1959 முதல் பேர்ண் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியா அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. அங்குள்ளவரின் ஆக்கத்துக்கு இங்கும் பாதுகாப்பு உண்டு.

டியூஷன் மாஸ்டரின் டியூட் போட்டோக் கொப்பிக் கடையில் விற்பனைக்குக் கிடைப்பதைப் பலர் பிழையாகவே கருதுவதில்லை. படிப்புக்குத்தானே என்கிறார்கள். 11 ஆம் பிரிவு நியாயமான பாவனையை அனுமதிக்கிறது, வகுப்புக்குப் பல பிரதிகள் எடுப்பதையும் சேர்த்தே. ஆனால் நோக்கம் வியாபாரமா, எவ்வளவு எடுக்கப்பட்டது, ஆக்கியவரின் சந்தை பாதிக்கப்பட்டதா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் போட்டோக் கொப்பி வழக்கில் 2016 இல் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததை உதாரணம் காட்டுவார்கள். அது இந்தியச் சட்டத்தில், பாடநெறிக்கான தொகுப்பு பற்றியது. ஒரு மாஸ்டர் விற்றுப் பிழைக்கும் டியூட்டை முழுதாக அடித்து விற்பதற்கு அது கைகொடுக்காது.

பழையது எல்லாம் பொது என்பதும் அரைகுறை உண்மை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 இல் மறைந்தார். 70 ஆண்டுக் கணக்கு தாண்டிவிட்டது. அவர் பாடலைக் கலண்டரில் அச்சிட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய பதிப்பாசிரியர் அதற்கு எழுதிய உரையை எடுக்க அவரிடம் கேட்க வேண்டும்.

"கொழும்புக்குப் போய் வழக்குப் பேச நமக்கு ஏலாது" என்ற மனக்குறை நியாயமானது. இழப்பீட்டுக்கான வழக்கு கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தறி ஓட்டுகிறவருக்கு அது பெரிய தூரம், பெரிய செலவு. ஆனாலும் கைவிட வேண்டாம். இவ்வளவு நட்டம் என்று கணக்குக் காட்ட முடியாதவருக்கும் 50,000 ரூபாவிலிருந்து 10 இலட்சம் வரை இழப்பீடு கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வேண்டுமென்றே மீறுவது குற்றமும்கூட: நீதவான் முன் நிரூபணமானால் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைக் குறிப்பிட்டு ஒரு சட்டத்தரணி அனுப்பும் கடிதத்தோடு பல விடயங்கள் முடிந்துவிடும். படம் பேஸ்புக்கில் இருந்தால் அதற்கு முன்பே அங்குள்ள பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள், காசு தேவையில்லை. உங்கள் மூலப் படத்தின் இணைப்பையும் திருடியவர் போட்ட பதிவின் இணைப்பையும் கொடுக்க வேண்டும். அவர் அழித்துவிட முன் திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொள்ளுங்கள்.