வகைப் பிழை கற்பித்த பாடம்

நிரலில் பிழை என்று கணிப்பொறி கூறியதும், எப்படியாவது அதன் வாயை மூடிவிடத் துடிப்பது மாணவர் இயல்பு. அவ்வாறு மூடி நான் பட்ட பாட்டைக் கூறினால் பிறருக்குப் பயன்படலாம்.

ராபின் மில்னரும் அவர்தம் குழுவினரும் 1970களில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய மொழி எம்.எல். அதன் வழிவந்தது ஓகேமல். இதில் ஒவ்வொரு சார்புக்கும் ஒரு வகை உண்டு. நாம் எழுதாவிடினும் தொகுப்பியே அதனை உய்த்துணரும். வகை பொருந்தாவிடில் நிரல் ஓடாது.

சராசரி காண ஒரு சார்பு எழுதினேன். மொத்தம், எண்ணிக்கை ஆகிய இரண்டையும் பெற்றுத் தசம எண்ணுக்குரிய குறியால் வகுத்தேன். ஆகவே அதன் வகை: தசமம் → தசமம் → தசமம். மதிப்பெண்களோ முழு எண்கள். அவற்றைக் கொடுத்ததும், 'இங்கிருப்பது முழு எண். வேண்டுவது தசமம்' என்றது தொகுப்பி. உடனே வகுத்தல் குறியை முழு எண்ணுக்குரியதாக மாற்றினேன். பிழை மறைந்தது. ஆனால், மூன்று பாடங்களில் 179 பெற்றவருக்கும் 177 பெற்றவருக்கும் சராசரி 59 என்றே வந்தது! முழு எண் வகுத்தல் பின்னத்தை விட்டுவிடும் அல்லவா? முதலிடம் யாருக்கு என்பதே தெரியாமற் போயிற்று.

எங்கள் விரிவுரையாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இரண்டு இடங்கள் முரண்படுகின்றன என்றுதான் அது சொன்னது. எது தவறு என்று நீதான் முடிவு செய்யவேண்டும்" என்றார். பழைய குறியை மீண்டும் இட்டு, மொத்தத்தையும் எண்ணிக்கையையும் தசமமாக மாற்றிக் கொடுத்தேன். 59.67, 59 எனச் சரியான விடைகள் வந்தன.

மற்றொரு நாள், 'இருப்பது தசமம் → தசமம். வேண்டுவது தசமம்' என்று வந்தது. எண்ணிக்கையைக் கொடுக்க மறந்திருந்தேன். இரண்டு உள்ளீடு கேட்கும் சார்புக்கு ஒன்றை மட்டும் கொடுத்தால், மற்றொன்றைக் கேட்கும் புதிய சார்பு கிடைக்கும். எதிர்பாராத இடத்தில் அம்புக்குறி தோன்றினால், உள்ளீடு ஏதும் விடுபட்டதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

இப்பொழுதெல்லாம் சார்பை எழுதத் தொடங்கும்போதே அதன் வகையையும் எழுதிவிடுகிறேன். உள்ளே தவறினால், பிழை அங்கேயே அகப்படுகிறது; அழைக்கும் இடத்தில் தேடி அலைய வேண்டியதில்லை.

நண்பர்களே, தொகுப்பியின் வாயை மூடுமுன் அது சொல்வதை ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள்!