இங்கிதத்தின் இலக்கணம்

கருநிற ஆட்டினை வெள்ளாடு என்றும், சுடுகாட்டினை நன்காடு என்றும் கூறுதல் மங்கலமாம். அவையில் வழங்கத் தகாத சொல்லை மறைத்துப் பிறிதொரு வாய்பாட்டாற் கூறுதல் இடக்கரடக்கலாம். இவற்றைத் தகுதி வழக்கினுள் அடக்குவர் நன்னூலார். நாம் இவற்றை வகுப்பிற் பயிலுமுன்னரே வீட்டிற் பயின்றுவிட்டோம். பாட்டியர் மொழியும் அன்னையர் கண்சாடையுமே நமக்கு ஆசிரியராயின. ஆயின், இங்ஙனம் தானே பற்றிக்கொள்ளும் ஆற்றல் எல்லார்க்கும் ஒருதன்மைத்தன்று. ஆட்டிசம் என்னும் இயல்புடைய இளைஞர் பலர்க்குப் பிறர் கூறாது விடுத்த கருத்தைக் குறிப்பான் உணர்தல் அரிது. அவர்க்கு வழக்கு மட்டும் போதாது, இலக்கணமும் வேண்டும்.

அமெரிக்க மருத்துவராகிய லியோ கானர் 1943-ஆம் ஆண்டில் ஆட்டிசம்பற்றி வெளியிட்ட கட்டுரையில் ஒரு சிறுவன் வருகின்றான். தம் வீட்டுச் சுவர்மேல் படங்கள் உள்ளன என்று தந்தையார் கூற, 'சுவர்மேல் அன்று, சுவரருகே' என அவன் திருத்தினான். 'மேல்' என்பது அவனுக்கு உச்சியையே உணர்த்திற்றுப் போலும். இதனைச் செருக்கென்பார் அவனை அறியார். ஏழாம் வேற்றுமையை ஆராயும் நம் வகுப்பில் அவனுக்கு முதல் வரிசையில் இடமளிக்கலாம் என்பது என் கருத்து!

இத்தகையானொருவன் பதினைந்து வயதினனாய், ஊரிலிருந்து வந்த அத்தையாரை நோக்கி, 'சென்ற ஆண்டினும் பருத்துவிட்டீர்கள்' என்கின்றான் என்று கொள்வோம். 'மரியாதையாய்ப் பேசு' என்று பலர்முன் அதட்டுவார் உளர். அவனோ திகைப்பான். 'நீங்கள்' என்றுதானே விளித்தான்? உண்மையைத்தானே உரைத்தான்? மேலும், இங்கிதம் கற்பிக்கப் புகுந்தார் தாமே அதனை இழந்து நிற்றல் நகைப்பிற்குரியது.

சமூகக் கதைகள் என்னும் முறையை 1991-இல் தோற்றுவித்த அமெரிக்க ஆசிரியை காரல் கிரே என்பார், உரையாடலைச் சித்திரமாக வரையும் முறையையும் பின்னர் வகுத்தார். அத்தையார் சென்றபின், தனியிடத்தில், ஒரு தாளில் இரண்டு கோட்டுருவங்களை வரைக. வாயருகே சொல்லியதனையும், தலையருகே நினைத்ததனையும் எழுதுக. 'எல்லாரும் என்னையே நோக்குகின்றனரே' என்பதனை அத்தையாரின் தலையருகே காணுங்கால், கட்புலனாகாதது கட்புலனாகின்றது. பின்னர் விதியைக் கூறுக: ஒருவர் உடனே திருத்திக்கொள்ளத்தக்க குறையை மெல்ல, அவர் செவியில் உரைக்கலாம்; அவ்வாறு திருத்தலாகாததனை அவர் வினவாதபோது உரைத்தல் வேண்டா. கன்னத்து ஒட்டிய சோற்றுப் பருக்கை முன்னதற்கும், உடற்பருமன் பின்னதற்கும் எடுத்துக்காட்டு. இவ்விடத்து அவனைப் பொய் கூறுமாறு பயிற்றுதல் தகாது. உண்மைகள் பலவற்றுள் ஒன்றனைத் தெரிந்து கூறலே அவன் கற்கவேண்டுவது.

விதிக்குப் புறனடையும் உண்டு. அதனையும் அன்றே கற்பித்தல் வேண்டும். விதியென்று கற்றதனை எங்கும் ஒப்பப் பற்றிநிற்பார் இவருட் பலர். யாரேனும் தன்னைத் துன்புறுத்தினும், தகாதவாறு தீண்டினும், 'ஒருவர்க்கும் சொல்லாதே' என அச்சுறுத்தினும், ஆங்கு இங்கிதம் என்பதே இல்லை. நம்பத்தக்க பெரியவரிடம் உடனே உரத்துக் கூறலாம். இப்புறனடையின்றி அடக்கத்தை மட்டும் பயிற்றுவார், தம்மையறியாமலே அவனைத் தீயோர் கையில் ஒப்புவிப்பவராவர். மருத்துவர் வினவுங்காலும் அவ்வாறே ஒளியாது கூறல் வேண்டும்.

இனி, கற்கவேண்டுவார் அவ்விளைஞர் மட்டுமோ? தாமும் ஆட்டிசமுடையவரான டேமியன் மில்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர், 2012-இல், அவர் நம்மை அறியாமை போலவே நாமும் அவரை அறியாதிருக்கின்றோம் என்று நிலைநாட்ட முயன்றார். கண்ணை நோக்காது பேசுவானைப் பொய்யன் என்கின்றோம்; அவனோ, செவிகொடுத்துக் கேட்டற்பொருட்டே பார்வையை விலக்கியிருத்தல் கூடும். புறப்படுங்கால் 'வருகிறேன்' என்கின்றோம். விருந்தினர் எழவேண்டுமாயின் கடிகாரத்தை நோக்குகின்றோம். நம் கடிகாரப் பார்வையால் அவ்விளைஞன் எழான். 'ஒன்பது மணியாயிற்று; நாங்கள் உறங்கவேண்டும்; நாளை மாலை வா' என்று மலர்ந்த முகத்தோடு கூறினால், வருந்தாது எழுந்து, மறுநாள் மாலை தவறாது வந்து நிற்பான்.