கொட்டியாரக் குடாவில் லோரா வலையமைப்பு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருகோணமலையில் இறங்குதுறை, களப்பு, வயல் என்று சென்சர் வைப்பவர்கள் முதலில் குறை சொல்வது லோராவை, அதாவது குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ரேடியோவை. பெரும்பாலும் குற்றவாளி உப்பு, இரும்பு, மழை. அல்லது சென்சரின் வாயாடித்தனம்.

செய்ய வேண்டியவை

• சென்சர்களின் செய்திகளை வாங்கும் கேற்வேயை உவர்மலை போன்ற மேட்டில் ஏற்றுங்கள். குடாவின் அக்கரையில் மூதூர்ப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று திருப்திப்பட வேண்டாம். 923 மெகாஹேர்ட்ஸில் 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில், நேர்கோட்டைச் சுற்றி 28 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவும். அதில் 60 சதவீதம், அதாவது 17 மீட்டராவது கடல்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அக்கரைச் சென்சரையும் மணலில் விடாமல் கம்பத்தில் கட்டுங்கள்.

• மாரியில் சிக்னலை அளந்து பாருங்கள். கச்சான் வீசும் ஆடியில் எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். மார்கழியில் தோப்பு நனைந்து நிற்கும்போதும் தேவைக்கு மேல் 10 டெசிபல் மிச்சம் இருக்கிறதா என்பதே கேள்வி.

• அன்ரனா இணைப்பை ஒட்டும் இறப்பர் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கியபின் எந்த மென்பொருளும் உதவாது.

• கரண்ட் போய் வந்ததும் எல்லாச் சென்சரும் ஒரே நொடியில் கூவாதபடி, ஒவ்வொன்றுக்கும் தற்செயலான தாமதம் கொடுங்கள்.

• செய்திகளின் தொடரெண்ணைக் கவனியுங்கள். எத்தனை தொலைந்தன என்று அதுவே காட்டும்.

செய்யக்கூடாதவை

• அன்ரனாவை இரும்போடு ஒட்டி வைக்காதீர்கள். சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் போன்ற உருக்குச் சுவரின் பின்பக்கம் அலைக்கு நிழல்தான்.

• ஒவ்வொரு செய்திக்கும் பதில் கேட்காதீர்கள். சாதாரண கேற்வே தான் பேசும்போது வேறு எவரையும் கேட்காது. ஒரு சென்சருக்குச் சொல்லும் "கிடைத்தது" பக்கத்துச் சென்சரின் செய்தியை விழுங்கிவிடும். அவசர எச்சரிக்கைக்கு மட்டும் பதில் போதும்.

• செய்தி எட்டாவிட்டால் பரவல் காரணியை (spreading factor) 12க்கு ஏற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். 7இல் சிறு செய்திக்கு ஒரு நொடியின் சிறு பங்கே போதும். 12இல் ஒரு நொடிக்கும் மேல். பற்றரியும் தீரும், மோதலும் கூடும். அன்ரனாவை உயர்த்துவதே மலிவு.

• ஓடும் படகில் தானியங்கி வேகச் சரிசெய்தலை (ADR) நம்பாதீர்கள். அது அசையாத சாதனத்துக்கானது.

• இந்தியாவிலிருந்து 865–867 மெகாஹேர்ட்ஸ் சாதனத்தை மலிவென்று தருவிக்காதீர்கள். 923க்கு அமைத்த கேற்வே அதைக் கேட்காது. எந்த அலைவரிசைக்கு இங்கே அனுமதி என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் வாங்குமுன்பே கேளுங்கள்.

• அன்ரனா பூட்டாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். அனுப்பும் பகுதி எரிந்துபோகலாம்.