வெள்ளிக்கிழமைச் சேதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். மாதனூர் ஒன்றியத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்து உன் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று அண்ணன் போனில் சொன்னார். மனசு நிறைந்தது. பெற்றோர் கூட்டம் போட்டால் நாலு பேர்கூட வருவதில்லை, இந்த ஊர்க்காரர்களுக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறையே இல்லையா என்று நீ கேட்டதையும் சொன்னார். அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும்.

அக்கறை இல்லை என்ற நினைப்பை முதலில் விடு. உன் பிள்ளைகளின் அம்மாக்கள் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்று பார். கம்பெனி பஸ் ஊர்முனைக்கு வரும்போது பிள்ளை பல்கூடத் துலக்கியிருக்காது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று பகல் முழுக்க உழைத்து, ஆர்டர் அவசரம் என்றால் ஓவர்டைமும் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு சேர்கிறார்கள். அப்பாக்களில் சிலர் வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ டேனரி வேலையில் இருப்பார்கள், சிலர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். கம்பெனிக்குப் போகாத அம்மாவுக்கும் ஓய்வில்லை. ஷூவின் மேல்பாகத்தை, நம் பக்கத்தில் அப்பர் என்பார்களே, அதை மூட்டையாக வாங்கி வைத்துக்கொண்டு வாசற்படியில் தைத்துக்கொண்டிருப்பார். ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பகல் 3 மணிக்கு நீ கூட்டம் வைத்தால் ஒரு அம்மாவுக்கு அரை நாள் சம்பளம் போகும், இன்னொரு அம்மாவுக்கு அன்றைய ஜோடிகள் குறையும். சேதி அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

இப்படிப் பெற்றோருக்குச் சேதி சொல்வது உன் நல்ல மனசைப் பொறுத்த காரியம் என்றும் நினைத்துவிடாதே. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது ஆகியவற்றோடு, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைச் சந்தித்துச் சொல்லிவர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று வைத்திருக்கிறது. 2022இல் தமிழ்நாடு முழுக்க அந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழுவில் பேச்சு தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று போகும், போகவும் வேண்டும். தன் பெண் இந்த வாரம் எதைக் கற்றாள் என்று ஒரு தாய்க்கு அங்கே தெரியவராது.

கூட்டம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் ஜான்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும் பொருளாதார ஆய்வாளர்கள் சிலரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ இருவரும் அதில் இருந்தார்கள். சில ஊர்களில் கூட்டம் போட்டுக் கல்விக் குழுவின் உரிமைகளைச் சொன்னார்கள். சில ஊர்களில் அதற்கு மேலே போய், பிள்ளைகள் எந்த அளவுக்குப் படிக்கிறார்கள் என்று ஊராரையே சோதித்துப் பார்க்க வைத்தார்கள். இரண்டிலும் பள்ளியில் மாற்றம் எதுவும் வரவில்லை. மூன்றாவது வகை ஊர்களில் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்தச் சொன்னார்கள். அங்கே வந்த பிள்ளைகள் படிக்கக் கற்றார்கள். 2010இல் வெளியான இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: ‘உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனால் கேட்டவருக்குக் கவலைதான் மிஞ்சும். வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு சின்ன வேலையாவது அந்தச் சேதிக்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு அமெரிக்காவில் மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இருவர் செய்தது, 2015இல் வந்தது. பாடத்தில் தேறாமல் கோடை வகுப்புக்கு வந்த உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் அது நடந்தது. ஆசிரியர் வாரத்துக்கு ஒரே ஒரு வரி எழுதுவார், அது பெற்றோருக்குப் போகும். அவ்வளவுதான் முயற்சி. தேறாதவர்கள் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தார்கள். பிள்ளை எதில் நன்றாகச் செய்தது என்ற வரியைவிட, அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்ற வரிதான் கூடுதலாக வேலை செய்தது. உன் வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு வயசுக்காரர்கள், அந்தக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனாலும் வாரம் ஒரு வரிக்கு இருக்கிற பலத்தைப் பார்த்துக்கொள்.

இனி உன் வகுப்புக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும், வகுப்புப் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பு. ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். எழுதி அனுப்பாதே. படிக்கத் தெரியாத அம்மாக்கள் இருக்கிறார்கள்; தெரிந்தவர்களுக்கும் அந்த நேரத்தில் கண் ஓய்ந்திருக்கும். குரல் என்றால் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போதே கேட்டுவிடலாம். புத்தகத் தமிழும் வேண்டாம், நீ வாசலில் நின்று பேசுகிற பேச்சே போதும். இரண்டாம் வகுப்புக்கு நான் அனுப்புவதாக இருந்தால் இப்படிப் பேசியிருப்பேன்:

“வணக்கம்மா. இந்த வாரம் ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க பத்துப் பத்தா கட்டி எண்ணக் கத்துக்கிட்டாங்க. முப்பத்தி நாலுன்னா மூணு கட்டு, நாலு உதிரி. வீட்ல ஒரு கை புளியங்கொட்டை அள்ளிக் குடுத்து, ‘எத்தனை கட்டு, எத்தனை உதிரி?’ன்னு மட்டும் கேளுங்க. தப்பா சொன்னா பரவால்ல, திட்டாதீங்க. திங்கட்கிழமை நான் பாத்துக்கறேன்.”

இதில் பிள்ளை கற்ற ஒன்று இருக்கிறது, அம்மா கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, சொல்லித்தருகிற பாரம் என்னுடையது என்ற உறுதியும் இருக்கிறது. மூன்றாவதை விட்டுவிடாதே. ஏழாம் வகுப்போடு நின்றுபோன அம்மா, தனக்குத் தெரியாததைப் பிள்ளை முன்னால் கேட்க நேருமோ என்று பயப்படுவார். அவர் கேள்வி கேட்டாலே போதும், பதிலைப் பிள்ளை செய்து காட்டும் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பயம் விலகும். ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் சுலபம். ப, ட, ம் மூன்றும் கற்ற வாரத்தில், ஒரு சாக்பீஸ் துண்டைக் கொடுத்து, ‘தரையில படம்னு எழுதிக் காட்டு’ என்று கேட்டால் ஆயிற்று.

பொதுச் செய்தியில் எந்தப் பிள்ளையின் பெயரும் வரக் கூடாது. ஒரே ஊர்ப் பெண்கள் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். ஒரு போனில் ஒலிப்பது நாலு காதில் விழும். தனிப்பிள்ளையைப் பற்றியதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். முப்பது பிள்ளைகள் என்றால் ஒரு நாளைக்கு ஆறு பேர் வீதம் அந்த வாரத்திலேயே முடித்துவிடலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டே வாக்கியம்: இப்போது எது வருகிறது, அடுத்து எது வர வேண்டும். ‘நல்லாப் படிக்கிறான்’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘குறில் எல்லாம் படிக்கிறான், நெடில்ல தடுமாறுறான்’ என்று சொன்னால் அந்த அப்பாவுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

குறை சொல்வதற்கு மட்டும் ஒருபோதும் போன் செய்யாதே. கம்பெனி லைனில் சூப்பர்வைசர் ஜோடியைத் திருப்பிப் போடுகிற மாதிரி பள்ளியிலிருந்தும் பிள்ளையைத் திருப்பிப் போட்டால், அடுத்த தடவை உன் நம்பரைப் பார்த்ததும் அந்த அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். முதல் நாலு வாரம் நல்லதையே முன்னால் சொல்லிப் பழக்கு. பிறகு குறையைச் சொன்னாலும் காது கொடுப்பார்கள்.

சுவரையும் பயன்படுத்து. நம் பகுதி அன்று சேர்ந்திருந்த பழைய வேலூர் மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், பின்னாளில் சென்னை மாநகராட்சிக்குப் போனபோது 2003இல் செயல்வழிக் கற்றலை அங்கே தொடங்கினார். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் இருந்த கற்றல் ஏணியும் பாட அட்டைகளும்தான் அதற்கு மூலம். 2007 வாக்கில் அது மாநிலம் முழுக்க வந்தது. அந்த முறையைப் பற்றி ஆயிரம் சண்டை உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் பெற்றோர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் ஒரு அருமையான விஷயம் இருந்தது. பாடம் முழுவதும் படிப்படியாகச் சுவரில் தொங்கியது. ஒவ்வொரு படிக்கும் விலங்கு, பறவை என்று ஒரு படம். எழுத்தே தெரியாத பாட்டிக்கும், பேரன் எந்தப் படம் வரை வந்திருக்கிறான், அடுத்தது எது என்று விரல் வைத்துக் காட்டலாம். ஏணி இன்றைக்கு இல்லாவிட்டால் என்ன, வகுப்பு வாசலில் இந்த வாரம் கற்றதை ஒரு படமாக வரைந்து ஒட்டு.

பாட்டி என்றதும் சொல்கிறேன், உன் முக்கியமான ஆள் அவர்தான். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது. அம்மா பஸ் ஏறிப் போன வீடுகளுக்கு அது பெரிய உதவி. அந்த நேரத்துக்குப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவது பெரும்பாலும் பாட்டியோ தாத்தாவோதான். பிள்ளை சாப்பிட்டு முடிக்கும் வரை அவர்கள் வாசலில் நிற்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஈடாக எந்தக் கூட்டமும் இல்லை. “பாட்டி, உங்க பேத்தி நேத்து முழு வரி படிச்சா” என்று நீ சொன்னால் போதும், ராத்திரிக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிக்கிறோம். அந்தப் பெயர்களை வீட்டுக்கு அனுப்பாதே. ‘எம் புள்ள இன்னும் அரும்புலயே இருக்கானா?’ என்று பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டு அடி விழும். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்ற சொற்களும் பதிவேட்டோடு இருக்கட்டும்.

உருது பேசுகிற வீடுகள் உன் வகுப்பில் இருக்கும், தெலுங்கு பேசுகிறவையும் இருக்கும். தமிழ்வழியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, தமிழில் சரளமாகப் பேச வராத அம்மா உன் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவார். அந்த மொழி தெரிந்த ஒரு தாயைப் பிடித்து, உன் செய்தியைக் கேட்கவைத்து, அவர் குரலிலேயே மறுபடி பதிந்து அனுப்பு. வீட்டில் கேள்வியும் பதிலும் உருதுவிலேயே நடக்கட்டும். கட்டும் உதிரியும் எந்த மொழியில் எண்ணினாலும் அதே கணக்குதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. அப்பர் தைக்கிற வீட்டில் ஜோடிகளை எண்ணச் சொல்லலாம் என்று உனக்குத் தோன்றும். கணக்குக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். செய்யாதே. எண்ண உட்கார்ந்த பிள்ளை ஊசி எடுத்துக் கொடுக்கும், பிறகு தைக்கும். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரம் பிள்ளை உதவலாம் என்று இடம் விட்டுவைத்தார்கள். அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. பீடி சுற்றி விரல் தேய்ந்த பிள்ளைகளைப் பார்த்த மாவட்டம் இது. ஆசிரியரின் வீட்டுப்பாடமே அதற்குச் சாக்காகிவிடக் கூடாது. புளியங்கொட்டை, கூழாங்கல், தீக்குச்சி என்று வைத்துக்கொள்.

பதில் சேதி வரும், அதையும் குறித்து வை. ‘புள்ள ராத்திரி சரியா தூங்கல’, ‘கரும்பலகை தெரியலன்னு சொல்றா’ என்று ஏதாவது சொல்வார்கள். கண் சரியாகத் தெரியாத பிள்ளையை மந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அந்த ஒரு வரியில் விஷயம் விளங்கிவிடும். போன் இல்லாத வீடு இரண்டு மூன்றாவது இருக்கும். அவர்களுக்குச் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வா, அன்றைக்கு வீட்டில் ஆள் இருப்பார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் செய்தியை அனுப்பும்போது என் நம்பரையும் அதில் சேர்த்துக்கொள். வேகமாகப் பேசுகிறாயா என்று கேட்டுச் சொல்கிறேன். அண்ணியிடம் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தை